பெயருக்கு ஒரு தாலி

போன வருஷம் புரட்டாசியில், விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தம்பி வந்தான். கூடப் பிறந்தவன் இல்லை, சித்தப்பா மகன். கையில் மஞ்சள் பை. அதிலிருந்து பட்டாதார் பாஸ் புத்தகம், தாத்தா காலத்துப் பாகப் பத்திரத்தின் நகல், அன்றைக்குத்தான் வாங்கிய பாண்டு பேப்பர் மூன்றையும் எடுத்துத் திண்ணையில் வைத்தான். "அண்ணா, பாலாத்து ஓரத்து நிலத்துக்கு ஒரு அடமானம் எழுதணும்" என்றான்.

நான் பத்திரம் எழுதுவதை விட்டுப் பத்து வருஷம் ஆகிறது. 1972-ல் ஒரு பெரியவரிடம் எடுபிடியாகச் சேர்ந்து, 2015 வரை குப்பம் ரிஜிஸ்டர் ஆபீஸ் மரத்தடியில் பேனா பிடித்தவன். இப்போது கண் சரியில்லை. ஆனாலும் ராமகுப்பத்தில் எங்கள் சொந்தக்காரர்கள் நிலத்தில் கை வைப்பதற்கு முன்னால் காகிதத்தை என்னிடம் ஒரு தடவை காட்டிவிட்டுத்தான் போவார்கள். தெலுங்கில் எழுதுவேன், தமிழில் விளக்குவேன், எதிராளி கோலார்ப் பக்கத்துக்காரர் என்றால் கன்னடத்தில் சண்டை போடுவேன். ஆந்திரா, தமிழ்நாடு, கர்நாடகா மூன்றும் முட்டிக்கொள்கிற மூலையில் பிறந்தவனுக்கு இது பெரிய வித்தை இல்லை.

"எதுக்குடா அடமானம்?"

"பையன் கல்யாணத்துக்கு."

எனக்குச் சந்தோஷம். பொண்ணு எந்த ஊர் என்று கேட்டேன். அவன் காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். என் மனைவி உள்ளே போன பிறகுதான் வாயைத் திறந்தான்.

பையன் அமெரிக்காவில், டாலஸ் பக்கத்தில் இருக்கிறான். எம்.எஸ். முடித்தான், படிப்புக்குப் பின் வேலை பார்க்க விடுகிற ஓ.பி.டி. காலமும் முடிந்தது. எச்1பி வேலை விசாக் குலுக்கலில் இரண்டு தடவை பேர் வரவில்லை. ஊர் திரும்பாமல் இருக்க மறுபடியும் ஒரு எம்.எஸ்.ஸில் சேர்ந்து பீஸ் கட்டிக்கொண்டிருக்கிறான். இந்த நிலையில் ஒரு புரோக்கர் வழி சொல்லியிருக்கிறார். அந்த நாட்டுக் குடியுரிமை உள்ள ஒரு பெண். கல்யாணத்தன்று பாதிப் பணம், கிரீன் கார்டு கைக்கு வந்ததும் மீதிப் பணம். அவள் இருக்கிற வீட்டில் அவள், இவன் அறையில் இவன். இரண்டு மூன்று வருஷம் போனதும் விவாகரத்து. "பேப்பர்ல மட்டும்தான் அண்ணா. தாலிகூடக் கட்டறதில்லை" என்றான் தம்பி, அது ஏதோ ஆறுதல் மாதிரி.

அவன் பயத்துக்கும் காரணம் இருந்தது. அதற்குச் சில நாள் முன்புதான், 2025 செப்டம்பர் 19-ல், புதிய எச்1பி மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டவேண்டும் என்று அமெரிக்க அதிபர் அறிவித்திருந்தார். உள்நாட்டிலேயே இருந்து படிப்பு விசாவிலிருந்து மாறுகிற பிள்ளைகளுக்கு அந்தக் கட்டணம் இல்லை என்று அடுத்த மாதம் விளக்கம் வந்தது. விளக்கம் வருவதற்குள் தம்பி பாண்டு பேப்பர் வாங்கிவிட்டான்.

எழுத மாட்டேன் என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன். ஏன் என்று அவனுக்குப் புரிகிற மாதிரி சொல்லத் தெரியவில்லை. "தப்புடா" என்றேன். "ஊர்ல எல்லாரும் செய்யறாங்க" என்றான். எல்லாரும் என்கிற சாட்சி எந்தக் கோர்ட்டிலும் வந்து நின்றதை நான் பார்த்ததில்லை. 2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் படித்த இந்தியப் பிள்ளைகள் 3,31,602 பேர். அதில் இப்படிக் குறுக்கு வழி தேடுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான் இருப்பார்கள். சத்தம்தான் பெரிதாகக் கேட்கிறது.

அவன் போன பிறகு ஒரு வாரம் பேத்தியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அந்த நாட்டுச் சட்டத்தைப் படித்தேன். கைபேசியில் அவள் எடுத்துக் கொடுப்பாள், நான் பூதக்கண்ணாடி வைத்துப் படிப்பேன். தஸ்தாவேஜு இங்கிலீஷ் எந்த நாட்டிலும் ஒரே மாதிரி சுற்றி வளைப்பதுதான். நாற்பது வருஷம் அதில் புரண்டவனுக்கு வழி தெரியும்.

முதலில் தெரிந்துகொண்டது, படிக்கப் போன பிள்ளை அங்கே குடியுரிமை உள்ளவரைக் கல்யாணம் செய்துகொள்வது குற்றமே இல்லை என்பது. படிப்பு முடியாமல் இருக்கும்போதே, கணவனோ மனைவியோ போடுகிற மனுவோடு தன் கிரீன் கார்டு விண்ணப்பத்தையும் சேர்த்துப் போடலாம். வேலை வழியாகப் போகிறவர்களுக்கு ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்று வரம்பு இருக்கிறது. இந்தியாவில் பிறந்தவர்கள் அதில் மாட்டிக்கொண்டு பத்து வருஷத்துக்கு மேலும் வரிசையில் நிற்கிறார்கள். குடிமக்களின் கணவன், மனைவிக்கு அந்த வரம்பு இல்லை. ஒரு கதவில் திருப்பதி தர்ம தரிசனம் மாதிரி கூட்டம், பக்கத்துக் கதவில் ஆளே இல்லை என்றால் சின்னப் பையன் கால் எந்தப் பக்கம் போகும்? அதனால் அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் எனக்கு இன்னொருவர் ஞாபகம் வந்தது.

1983-ல் நான் ஒரு கிரயம் எழுதினேன். வாங்கியவர் எங்கள் ஊர்க்காரர், கே.ஜி.எஃப். தங்க வயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை. பூமிக்கடியில் சம்பாதித்த காசில் பூமிக்கு மேலே இரண்டே முக்கால் ஏக்கர். அவர் பேரில் பழைய கடன் இருந்தது. ஜப்திக்கு வந்துவிடுவார்கள் என்று பயந்து நிலத்தை மச்சான் பேரில் எழுதச் சொன்னார். "பேருக்குத்தானே சாமி, அவன் வேற நான் வேறயா?" என்றார். மச்சானும் பக்கத்தில் நின்று தலையாட்டினார். நல்ல மனிதர், அவர் இருந்தவரை ஒரு வம்பும் இல்லை. நான் எழுதினேன். கூலி வாங்கிக்கொண்டேன்.

மச்சான் செத்தார். அவர் பிள்ளைகள் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதில் யார் பேர் இருக்கிறதோ அவர் நிலம், அவர் போனால் பிள்ளைகள் நிலம். 1996-ல் சுரங்கக்காரர் வக்கீலைப் பார்க்கப் போனார். 1988-ல் வந்த பினாமிச் சட்டம் கதவைச் சாத்திவிட்டது என்று வக்கீல் சொன்னார். பணம் கொடுத்தவன் நான், பேர் மட்டும் அவனுடையது என்று இனிமேல் வழக்கே போட முடியாது. 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடினார்கள். அவர் சிலிகா தூசி அடைத்த நுரையீரலோடு ஊருக்கு வந்து, தான் வாங்கிய நிலத்துக்கு எதிரிலேயே வாடகை வீட்டில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தால் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் தேவலை.

அந்தப் பத்திரத்தில் பொய் என்று ஒரு வரி கிடையாது. சர்வே நம்பர் சரி, எல்லை சரி, சாட்சி சரி, கைநாட்டு சரி. அத்தனையும் சரியாக இருந்தும் பொய். எண்ணத்தில் இல்லாததை எழுத்தில் வைத்தோம். கடைசியில் எழுத்துத்தான் நின்றது.

தம்பி கொண்டுவந்ததும் அதே பத்திரம்தான், நிலத்துக்குப் பதில் பையன்.

அமெரிக்கக் கோர்ட்டும் இதைத்தான் பார்க்கிறது. லுட்வாக் என்பவர் வழக்கில் 1953-ல் அவர்கள் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. இரண்டாம் உலகப்போர் முடிந்த சமயம். போர்வீரர்களைக் கட்டிக்கொண்டவர்களுக்கு நுழைவுச் சலுகை இருந்தது. போலந்து அகதிகளான சொந்தக்காரர்களை உள்ளே கொண்டுவர ஒரு குடும்பம் போர்வீரர்களைப் பிடித்துப் பாரிசில் கல்யாணம் செய்துவைத்தது. அந்தக் குடும்பத்தின் கஷ்டத்தைப் படித்தால் நமக்கே மனசு இளகும். ஆனால் சேர்ந்து வாழும் எண்ணமே இல்லாமல் செய்துகொண்டது, பிரான்சு சட்டப்படி அந்தக் கல்யாணம் செல்லுமா செல்லாதா என்ற ஆராய்ச்சியே வேண்டாம் என்று சொல்லித் தண்டனையை உறுதி செய்துவிட்டார்கள். முகூர்த்த நேரத்தில் மனசில் என்ன இருந்தது என்பதுதான் கேள்வி. பிற்பாடு பிரிந்தாலும் பரவாயில்லை, சேரும்போது வாழத்தான் சேர்ந்தார்களா?

1986-ல் சட்டத்தை இன்னும் இறுக்கினார்கள். கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகாதவர்களுக்குக் கிடைப்பது நிபந்தனைக் கார்டு. அதற்கு ஆயுள் இரண்டு வருஷம். முடிகிறதற்கு முந்தைய 90 நாளுக்குள் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து மறுபடி மனு போடவேண்டும். சேர்ந்து என்றால் அவள் கையெழுத்தும் வேண்டும். பிரிந்தவர்கள் தனியாகப் போட வழி உண்டு. ஆனால் கல்யாணம் நிஜம் என்று நிரூபித்துவிட்டுத்தான் அந்த வழியில் போகமுடியும். தம்பிக்கு போன் போட்டேன். "பாதிப் பணம் முதல்ல, பாதி பிறகுன்னு சொன்னியே. ரெண்டு வருஷம் கழிச்சு அவ கையெழுத்துக்கு மூணாவதா ஒரு பணம் கேட்டா எந்தக் கோர்ட்டுக்குப் போவான்?" என்றேன். பதில் இல்லை. சுரங்கக்காரருக்கு அடைபட்ட அதே கதவு.

அந்தப் பெண்ணுக்கும் இது விளையாட்டு இல்லை. இவனுக்கு ஜாமீனாக அவள் ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போடவேண்டும்: இவன் வாழ்க்கைக்கு வழியில்லாமல் போனால் நான் பொறுப்பு என்று. கல்யாணம் ரத்தானாலும் அந்த ஜாமீன் ரத்தாகாது. இவன் குடியுரிமை வாங்கவேண்டும், அல்லது சுமார் பத்து வருஷத்து உழைப்புக் கணக்கு ஏறவேண்டும், அல்லது நாட்டை விட்டே போகவேண்டும், அல்லது சாகவேண்டும். அதுவரை அவள் கழுத்தில் கயிறு. புரோக்கர் அவளிடம் இதைச் சொல்லியிருப்பாரா?

அகப்பட்டால் ஐந்து வருஷம் வரை ஜெயில், 2,50,000 டாலர் வரை அபராதம். அதைவிட எனக்கு உறைத்தது வேறு. ஒரு தடவை பொய்க் கல்யாணம் என்று முடிவு கட்டிவிட்டால், அந்த ஆளுக்காகப் பிற்பாடு யார் மனு போட்டாலும் எடுபடாது. நாலு வருஷம் கழித்து நிஜமாகவே ஒருத்தியைக் கட்டிக் குழந்தை பெற்றாலும் அந்தப் பழைய வில்லங்கம் மேலே ஏறி உட்கார்ந்திருக்கும். நிலத்து வில்லங்கத்தையாவது பணம் கட்டித் தீர்க்கலாம்.

இவர்கள் போகிற ஊர் ஏமாந்த ஊரும் இல்லை. தம்பி மகன் இருக்கிற அதே டெக்சாஸில், ஹூஸ்டனில், 2019 மே மாதம் பொய்க் கல்யாண வழக்கில் 96 பேர் மேல் குற்றம் சாட்டினார்கள். கல்யாணச் சடங்கே நடக்காமல், நடந்த மாதிரி கல்யாண ஆல்பம் தயார்செய்து வைத்திருந்ததாகக் குற்றப்பத்திரிகை. முழுக் கார்டுக்கு ஆளுக்கு 50,000 முதல் 70,000 டாலர் வரை வாங்கியிருந்தார்களாம். அதே வருஷம் ஜனவரியில் மிச்சிகனில் இன்னொன்று வெளியே வந்தது. ஃபார்மிங்டன் என்ற பேரில் அரசாங்கமே போலியாக ஒரு பல்கலைக்கழகம் நடத்தி, வகுப்பில்லாமல் விசாவுக்காகப் பேர் பதிந்த பிள்ளைகளை வலை போட்டுப் பிடித்தது. அதில் சேர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் நம் நாட்டுப் பிள்ளைகள், தெலுங்குப் பிள்ளைகள் நிறைய. அரசாங்கமும் பினாமி வைக்கும் என்று எனக்கு எழுபது வயது நெருங்கும்போதுதான் தெரிந்தது. அந்தப் பிள்ளைகளில் பல பேரைப் பார்த்தால் பரிதாபம்தான். அது வேறு கதை.

இதையெல்லாம் படிக்கும்போது என் வீட்டுக்குள்ளேயே ஒரு வேடிக்கை நடந்தது. என் மனைவி என் அக்கா மகள். எங்கள் பக்கத்தில் அக்கா மகளைக் கட்டுவது அதிசயம் இல்லை. 1955-ன் இந்துத் திருமணச் சட்டமும் வழக்கம் இருந்தால் செல்லும் என்கிறது. அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் தாய்மாமன் கல்யாணம் செல்லாது. மாமன் மகளைக் கட்டுவதையே டெக்சாஸ் 2005-ல் தடுத்துவிட்டது. பேத்தி இதைப் படித்துச் சொன்னதும் அவள் பாட்டி அடுக்களையிலிருந்து, "அப்ப நாப்பத்தேழு வருஷமா யாருக்குச் சோறு போட்டுட்டு இருக்கேன்?" என்றாள். சிரித்தோம். ஆனால் முறைப்பெண்ணைக் கட்டி அங்கே கூட்டிப்போக நினைக்கிற பிள்ளைகள் எந்த மாநிலத்தில் குடியிருக்கப்போகிறார்கள் என்பதை முன்னாலேயே ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

நிஜமான கல்யாணம் எப்படி இருக்கும் என்றும் எங்கள் தெருவிலேயே பார்த்தேன். டீச்சரம்மா மகள் அங்கே படிக்கும்போது கூடப் படித்த பையனை விரும்பினாள். பூர்வீகம் குஜராத், பையன் பிறந்தது அங்கே. கடைசி செமஸ்டரில் பதிவுக் கல்யாணம் செய்துகொண்டு விண்ணப்பம் போட்டாள். டீச்சரம்மா ஆறு மாதம் யாரோடும் பேசவில்லை. ஊரோ, பிள்ளை கார்டுக்காகக் கட்டிக்கொண்டது என்று பேசியது. இங்கே பாட்டிக்கு உடம்பு முடியாமல் போனது. விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது முன் அனுமதிக் காகிதம் இல்லாமல் நாட்டை விட்டுக் கிளம்பினால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாகக் கணக்கு. அந்தக் காகிதம் வருவதற்குள் பாட்டி போய்விட்டார். எடுக்கும்போது வீடியோவில்தான் பார்த்தாள். அங்கே அப்போது நடுராத்திரி. அவள் பக்கத்தில் அந்தக் குஜராத்திப் பையன் வேட்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வேட்டியைக் கோணலாகக் கட்டியிருந்தான். டீச்சரம்மா அன்றைக்குத்தான் அவனை மாப்பிள்ளை என்று கூப்பிட்டார்.

நேர்காணலுக்கு இரண்டு பேர் பேரிலும் உள்ள வாடகை ஒப்பந்தம், பொதுவான வங்கிக் கணக்கு, இரண்டு வருஷத்துப் போட்டோ எல்லாம் கொண்டுபோனார்களாம். வீட்டில் யார் சமையல் என்று அதிகாரி கேட்டதற்கு இருவரும் ஒரே நேரத்தில் "நான்" என்றிருக்கிறார்கள். அங்கேயே ஒரு சின்ன வாக்குவாதம். அதிகாரி சிரித்துவிட்டாராம். எனக்கு இது ஆச்சரியமில்லை. என் தொழிலில் நான் கற்றது, இரண்டு சாட்சியும் வார்த்தை பிசகாமல் ஒரே மாதிரி சொன்னால் அதைச் சொல்லிக்கொடுத்தவன் வெளியே நிற்கிறான் என்று அர்த்தம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி மகனே போன் செய்தான். அவன் அப்பா சொல்லியிருக்கவேண்டும். நான் உபதேசம் ஒன்றும் பண்ணவில்லை.

"அந்தப் பொண்ணு பேர் என்னப்பா?"

சொன்னான்.

"அப்பா பேர்?"

"தெரியாது பெரியப்பா."

"எந்த ஊர்?"

"இங்கதான்... சரியாத் தெரியாது."

"நான் நாப்பது வருஷத்துல தகப்பன் பேரும் ஊரும் தெரியாம ஒரு ஆள் பேரைக்கூடப் பத்திரத்துல ஏத்தினதில்லைப்பா" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அவன் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. "ஊருக்கு வந்துடறேன் பெரியப்பா. படிப்புக் கடனை யார் கட்டறது?"

என்னிடம் பதில் இல்லை. அந்தக் கடனுக்காக வீட்டை அடமானம் வைத்தபோது காகிதங்களைச் சரிபார்த்துக் கொடுத்தவன் நான்தான். நல்ல காரியம் என்று நினைத்துத்தான் செய்தேன். பெங்களூருக்கு குப்பத்திலிருந்து தினமும் ரயிலில் போய்வருகிற பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். இவன் வந்தாலும் ஒரு வேலை கிடைக்கும். அந்தச் சம்பளத்தில் டாலர் கணக்கில் வாங்கிய கடன் அடையாது. பிள்ளையைக் கடனோடு கப்பலேற்றிவிட்டு, அவன் குறுக்கு வழியில் போகும்போது மட்டும் நியாயம் பேசுகிற பெரியவர்களில் நானும் ஒருவன். தம்பியிடம் ஒன்று சொல்லி அனுப்பினேன்: பாலாற்று நிலத்தை விற்பதாக இருந்தால் விற்று அந்தப் பணத்தைப் படிப்புக் கடனில் கட்டு, அந்தக் கிரயத்தை நானே எழுதுகிறேன், கூலி வேண்டாம். கண்ணாடியை மாற்றிக்கொண்டாவது எழுதுவேன்.

பதில் வரவில்லை. பையன் அந்தப் பெண் விஷயத்தை வேண்டாம் என்று விட்டுவிட்டதாக என் தங்கை சொன்னாள். என் பேச்சுக்காக விட்டானா, புரோக்கர் விலையை ஏற்றினாரா, நான் கேட்கவில்லை. இந்த மார்ச்சில் மூன்றாம் தடவை குலுக்கலுக்குப் பேர் கொடுத்திருக்கிறான். முடிவு இன்னும் தெரியவில்லை.

தம்பி அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. பாஸ் புத்தகத்தையும் பாகப் பத்திரத்தையும் அவன் மனைவி வந்து வாங்கிப்போனாள். பாண்டு பேப்பர் மட்டும் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. பயன்படுத்தாத முத்திரைத்தாளை வாங்கின தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் கொடுத்தால் கொஞ்சம் கழித்துக்கொண்டு பணத்தைத் திருப்பித் தருவார்கள். விற்றவர் பின்பக்கத்தில் எழுதிய தேதியைப் பார்த்தேன். இன்னும் பதினோரு நாள் இருக்கிறது.